தூடா வீட்டில் இருக்கும் என் கம்பளம்

10 மே 2022, செவ்வாய்

அஸ்ரூ ஊர்ச் சந்தை. வாங்கப் போனது உப்பும் தீப்பெட்டியும். வாங்கி வந்தது சண்டை.

கம்பளக் கடைத் தெருவில் ஒரு வெளிநாட்டுக்காரி செருப்புக் காலோடு கம்பளத்தின் மேல் நின்று தன் காலையே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். கடைக்காரன் நூறு வருஷப் பழசு என்று அளந்துகொண்டிருந்தான். நூறு வருஷமாம். போன கோடை முழுக்க அவன் வீட்டு மொட்டை மாடியில் அது வெயிலில் வெளுத்துக் கிடந்ததை ஊரே பார்த்தது. ஒரு மூலையைப் புரட்டி, எச்சில் தொட்ட கைக்குட்டையால் சிவப்பைத் தேய்த்தேன். கைக்குட்டை சிவந்துவிட்டது.

"இஸ்ஸா அம்மா, வீட்ல உங்களுக்கு வேலையே இல்லையா?"

"இருக்குடா. நீ சொல்ற பொய்யைத் தொடைக்கறதுக்கே பொழுது போயிடுது."

கம்பளம் வாங்குகிறவர்கள் முகத்தைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது முதுகை. முடிச்சு வரிசை எப்படி ஓடுகிறது என்று முதுகு சொல்லிவிடும். ரோமத்தை விரலால் பிரித்தால் அடியில் பாவு நூல் பல்லிளிக்கக்கூடாது. ஓர் இழையைப் பிய்த்துக் கொளுத்தினால் முடி கருகும் நாற்றம் வரவேண்டும். உருகி உருண்டையானால் அது ஆட்டின் முதுகில் வளர்ந்தது இல்லை. இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானே ஏமாந்து, நானே திட்டிக்கொண்டு கற்றது.

உப்பு வாங்க மறந்துவிட்டேன்.

12 மே

கல்தூம் வந்தாள். எங்கள் நெசவுப் பெண்கள் சங்கத்தின் தலைவி. நாற்பது வயசு, இரண்டு கைபேசி, எதிலும் பொறுமை இல்லை. சங்கத்துக்குப் புதுக் கூடம் கட்டி முடித்தாயிற்று. ஜூன் முப்பது திறப்பு. சுவரில் ஒன்பது பழைய கம்பளங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஓர் அட்டை. அட்டையில் நெய்தவள் பெயர்.

"பேரா? யார் பேரு?"

"நெய்தவங்க பேருதான் பெரியம்மா. வேற யார் பேரைப் போடுவாங்க?"

வேறு யார் பேரையெல்லாம் போட்டார்கள் என்று இவளுக்கு என்ன தெரியும். நான் நெய்தது அறுபத்தொன்று. எல்லாவற்றையும் எங்கள் கோத்திரத்தின் பெயரைச் சொல்லித்தான் விற்றார்கள். கோத்திரமே கூடி உட்கார்ந்து நெய்தது போல. கோத்திரத்துக்கு முதுகு வலித்ததா? கோத்திரத்துக்குக் கண் மங்கியதா?

ஐம்பது வயசில் கூம்பாக வார்த்து விற்கும் சர்க்கரையைச் சுற்றி வரும் நீலக் காகிதத்தையும் மருந்துப் பெட்டிகளையும் வைத்து நானே எழுத்துப் படித்தேன். முதலில் எழுதிப் பார்த்தது என் பெயரை. அது தேவைப்படும் இடம் ஒன்று இன்றைக்குத்தான் வந்திருக்கிறது. என் அட்டையை நானே எழுதுவேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒரு சிக்கல். அறுபது கம்பளம் விற்றுப் போயிற்று. ஏதோ ஊரில் யாரோ ஒருவருடைய நாய் அவற்றின் மேல் தூங்கிக்கொண்டிருக்கும். மிச்சம் ஒன்றே ஒன்று. அது தூடா வீட்டில் இருக்கிறது.

தூடா என் புருஷன் பஸ்ஸூவின் தங்கை. பஸ்ஸூ போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. தங்கை போகவில்லை.

13 மே

போக மாட்டேன்.

15 மே

போனேன்.

"வா அண்ணி. யார் செத்தது?" என்றாள் வாசலிலேயே. சாவுக்கும் கல்யாணத்துக்கும் தவிர நான் அந்தப் படி ஏறுவதில்லை.

"யாரும் சாகல. என் கம்பளத்தை எடுத்துட்டுப் போக வந்தேன்."

"உன் கம்பளமா? நாப்பத்திரண்டு வருஷமா அது மேல உக்காந்து நாந்தானே ரொட்டி திங்கறேன்."

"உக்காந்தா உன்னுதாயிடுமா? நெய்தது யாரு?"

"நீ பாதி, நான் பாதி."

"பாதியா! நீ நெய்தது ஒரு சாண். அதையும் நான் பிரிச்சு எறிஞ்சாச்சு."

"எறிஞ்சியா?" என்று கேட்டுச் சிரித்தாள். பல் மூன்றுதான் இருக்கிறது. மூன்றையும் காட்டினாள்.

கம்பளம் கூடத்தில் ரோமம் கீழே பார்க்கக் கவிழ்ந்து கிடந்தது. கோடைக்கு அப்படித்தான் போடுவது, பனிக்காலத்துக்கு நிமிர்த்திப் போடுவது. இவள் ஜனவரியிலும் கவிழ்த்தே போடுவாள். வெளியே முட்டளவு பனி, உள்ளே விருந்தாளிகள் வெறும் முடிச்சின் மேல் விறைத்து உட்கார்ந்திருப்பார்கள். இத்தனை வருஷத்தில் அந்தக் கம்பளத்தின் முகத்தை அவள் வீட்டில் நான் பார்த்ததே இல்லை. சோம்பேறி.

தேநீர் கொடுத்தாள். சர்க்கரை குறைவு. எங்கள் ஊரில் அதற்கு எழுந்து போ என்று அர்த்தம், இரண்டு பேருக்கும் தெரியும்.

18 மே

நடந்ததை ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது.

1979. தறி ஏற்றிக் கால்வாசி நெய்திருந்தேன். இரண்டாவது மகன் பிறந்தான். நாற்பது நாள் தறியில் உட்காரக்கூடாது. உட்காரமாட்டேன், சரி, வேறு எவளும் தொடக்கூடாது என்று என் நூலையெல்லாம் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் பிரசவத்துக்குப் படுத்தேன். சாதாரண நூல் இல்லை அது. கொதிக்கும் தண்ணீரில் பாக்கெட் சோப்புத்தூள் போட்டு மூன்று முறை அலசிய கம்பளி. அந்தத் தூள் அப்போதுதான் சந்தைக்கு வந்திருந்தது. தயிர் மாதிரி வெளுப்பு. பக்கத்துக் கிராமத்திலிருந்தெல்லாம் வந்து தொட்டுப் பார்த்தார்கள். அப்போது அதே வீட்டில் இருந்த தூடாவோ தன் கம்பளியை ஓடையில் இரண்டு முக்கு முக்கி எடுப்பாள். மழை பெய்தால் அவள் நெய்ததெல்லாம் ஆட்டுக் கொட்டில் மாதிரி நாறும்.

நாற்பத்தோராம் நாள் தறிக்கு வந்தால் — அவள் நூல், அவள் முடிச்சு. எவ்வளவு நெய்தாள் என்று மாமியாரைக் கேட்டேன். ஒரு சாண்தான், சின்னப் பெண், விடு என்றாள். விடவில்லை. அந்த ஒரு சாணையும் பிரித்தெறிந்துவிட்டு மேலே நெய்தேன்.

முடிக்கப்போகிற சமயத்தில் தூடாவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. கம்பளம் அவளோடு போகும் என்றாள் மாமியார். என்னைக் கேட்கவில்லை, சொன்னாள். கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். தறியிலிருந்து அறுக்கும்போது கம்பளத்தின் உயிர் போகிறது என்று நாங்கள் அதற்குத் தண்ணீர் தெளிப்போம். என் கம்பளத்துக்குத் தண்ணீர் தெளித்தது தூடா. நான் திரும்பி வந்தபோது தறி வெறும் கட்டையாக நின்றது.

இதுதான் நடந்தது. எந்தக் கூட்டத்திலும் இப்படியே சொல்வேன். சொல்லியிருக்கிறேன்.

22 மே

கல்தூம் நடுவில் புகுந்து பேசினாள். தூடா கம்பளத்தைத் தருகிறாளாம். ஒரே நிபந்தனை, அட்டையில் இரண்டு பெயர்.

சரி என்றேன்.

கல்தூமுக்கே நம்ப முடியவில்லை. "நிஜமாவா பெரியம்மா?"

"சரின்னுட்டேன்ல. போ."

"எதுக்கும் சொல்லிடறேன். உங்க வீட்டுச் சண்டைக்குள்ள என்னை இழுக்காதீங்க. நீங்க எழுதிக் குடுக்கற அட்டையை அப்படியே மாட்டிடுவேன்."

அதுதான் வேண்டும். அட்டையை எழுதுவது நான். தூடாவுக்கு ஓர் எழுத்துக்கூடத் தெரியாது.

28 மே

கம்பளம் வந்துவிட்டது. முற்றத்தில் விரித்துப் புரட்டினேன்.

வழுக்கை!

கிழவன் மண்டை மாதிரி. மேலேயும் வழுக்கை, கீழேயும் வழுக்கை, முடிச்சுகள் மட்டும் கொப்புளம் கொப்புளமாக. தயிர் மாதிரி வைத்திருந்தேனே. எல்லாம் தேன் நிறத்துக்குப் போய், தொட்டால் ரோமம் பொடிப்பொடியாக உதிர்கிறது. பாவி. என்ன செய்தாள் இதை? ஆட்டை மேய விட்டாளா?

நடுவில் மட்டும் நாலு சாண் அகலத்துக்கு ஒரு பட்டை தப்பித்திருக்கிறது. என்ன அடர்த்தி! விரலை விட்டால் கணு வரைக்கும் புதைகிறது. நாற்பது வருஷம் இவள் வீட்டில் மிதிபட்டும் அசையவில்லை. அதுதான் கை என்பது.

29 மே

கல்தூமை வரவழைத்து அந்தப் பட்டையைக் காட்டினேன். கையை வைத்துப் பார்த்தவள் வாயைத் திறந்தபடி நின்றாள்.

"பெரியம்மா, இந்த மாதிரி முடிச்சு இப்ப யார் போடறா?"

"எப்பவுமே யாரும் போட்டதில்ல. நான் மட்டுந்தான்."

கைபேசியில் படம் பிடித்துக்கொண்டாள். பட்டைக்குப் பக்கத்தில் என்னையும் உட்கார வைத்து. தலைத்துண்டை மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

2 ஜூன்

ஓடைக்கு எடுத்துப் போய்த் துவைத்தேன். ஓடும் குளிர்ந்த தண்ணீர், மிதிக்கக் கால், அவ்வளவுதான் அதற்கு வேண்டியது. அடிக்கக்கூடாது, பிழியக்கூடாது, தண்ணீர் தானாக வடிகிற வரை பாறையில் சாய்த்து வைக்க வேண்டும்.

வழுக்கைப் பக்கமெல்லாம் உடனே நனைந்துவிட்டது. நடுப்பட்டை நனையவில்லை. தண்ணீர் முத்து முத்தாக மேலேயே நின்றது. ஏறி நின்று மிதித்தேன். அப்போதுதான் மூக்கில் ஏறியது.

ஆடு.

மழைநாள் ஆட்டுக் கொட்டில்.

என் கம்பளி நாறாது. என் கம்பளி என்றைக்குமே நாறியதில்லை.

3 ஜூன்

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். என் முடிச்சின் வால் வலப்பக்கம் சாயும். அந்த நாலு சாணிலும் இடப்பக்கம் சாய்கிறது. ஒன்று இரண்டு இல்லை, வரிசை வரிசையாக.

தூடா பீச்சாங்கைக்காரி.

5 ஜூன்

ஒரு சாண் என்று சொன்னாளே மாமியார்.

நெய்ததெல்லாம் தறியின் கீழ் உருளையில் சுற்றிக்கொண்டே போகும். அதைப் பிரித்து யார் பார்த்தது? பச்சை உடம்பு, நிற்க முடியவில்லை, கண் முன்னால் இருந்த ஒரு சாணைப் பிரித்தேன், வெறி தீர்ந்தது. உருளைக்குள் இன்னும் நாலு சாண் சுருண்டு கிடந்திருக்கிறது. கிழவிக்குத் தெரியும். சண்டை வேண்டாம் என்று மூடிவிட்டாள். மூடினதுதான் மூடினாள், செத்தபோதாவது சொல்லிவிட்டுச் சாகக்கூடாதா?

இன்னொன்று. இதை எழுதவே கை வரமாட்டேன் என்கிறது. என் பக்கம் வழுக்கையானது தூடாவால் இல்லை. ஒரே கம்பளம், ஒரே வீடு, ஒரே கால்கள். அவள் கம்பளியில் ஆட்டின் பிசுக்கு அப்படியே இருந்தது, அது காப்பாற்றியது. நான் கொதிக்க வைத்து, தூள் போட்டு, உயிரையெல்லாம் அலசிவிட்டு வெறும் சருகை நெய்திருக்கிறேன். பார்க்க வந்தவர்களில் ஒருத்தியாவது சொன்னாளா? ஆகா ஆகா என்றார்கள். பாதிப் பேர் வீட்டுக்குப் போய் அதே மாதிரி கொதிக்க வைத்தார்கள்.

அப்படியானால் மற்ற அறுபதும்?

வேண்டாம்.

9 ஜூன்

கல்தூம் வெள்ளை அட்டை கொடுத்தனுப்பினாள். எழுதினேன். இஸ்ஸா, பஸ்ஸூவின் மனைவி. பிறகு, பஸ்ஸூவின் மனைவி என்பது எதற்கு என்று தோன்றி, அட்டையைத் திருப்பிப் பின்புறத்தில் இஸ்ஸா என்று மட்டும் எழுதினேன். அழகாக வந்தது.

யாருக்குத் தெரியப்போகிறது? நான் எழுதிக் கொடுப்பதைக் கல்தூம் அப்படியே மாட்டுவாள். முடிச்சின் வால் எந்தப் பக்கம் சாய்கிறது என்று இந்த ஊரில் பார்க்கத் தெரிந்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருத்திக்குப் படிக்கத் தெரியாது.

அடுப்பு மாடத்தில் சாய்த்து வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ரொட்டி கருகிவிட்டது.

12 ஜூன்

வழுக்கையின் மோசமான இடங்களிலாவது புது முடிச்சுப் போடாமல் சுவரில் ஏற்ற முடியாது. அதற்குப் பிசுக்குள்ள கம்பளி வேண்டும். என் வீட்டில் இருப்பதெல்லாம் தூள் போட்டு வெளுத்தது. இன்னும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன், போன மாதம் வரைக்கும்.

தூடா வீட்டுக்குப் போனேன். கம்பளி கேட்க மட்டும்தான் போனேன்.

"எதுக்கு என் நாத்தம் புடிச்ச கம்பளி?" என்றாள்.

"தைக்க."

"உன்னுது என்னாச்சு?"

"அது நிக்காது."

"ஏன் நிக்காது?"

படியில் உட்கார்ந்தேன். அவள் பட்டாணி உரித்தாள். ஒரு கிண்ணம் நிரம்புகிற வரை உரித்தாள்.

"உன் பக்கம் நின்னிருக்கு" என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

"காது மந்தம் அண்ணி. சத்தமா சொல்லு."

"நீ நெய்த நாலு சாண். அது நின்னிருக்கு. நான் நெய்தது கொட்டிடுச்சு. போதுமா?"

பட்டாணியைக் கீழே வைத்தாள். "அது கல்யாணமாகி மூணாம் வருஷமே கொட்ட ஆரம்பிச்சுது. பின்ன எதுக்கு வருஷம் பூராக் கவுத்தே போட்டேன்னு நினைச்சே?"

"எனக்காகவா?"

"உனக்காகவா! வர்றவ எல்லாம் யார் நெய்ததுன்னு கேப்பா. எங்க அண்ணன் பொண்டாட்டின்னு சொல்லணும். எங்க அண்ணனுக்கு அவமானமில்ல?"

"நாப்பது வருஷமா ஊர் பூரா நீ நெய்ததைப் பிரிச்சு எறிஞ்சேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேனே. ஒரு நாள் நிமித்திப் போட்டுக் காட்டியிருக்கலாமே?"

"காட்டியிருக்கலாம்" என்றாள். உள்ளே போய் இரண்டு மூட்டை கம்பளி கொண்டுவந்து போட்டாள். வீடு வரைக்கும் ஆட்டு நாற்றத்தோடு நடந்து வந்தேன்.

16 ஜூன்

தூடா வந்து நிற்கிறாள். நான் அவள் கம்பளியை வீணடிப்பேனாம், மேற்பார்வை பார்க்க வந்தாளாம். அரை மணி நேரம் நின்றாள். பிறகு கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தாள். பிறகு ஊசியை என் கையிலிருந்து பிடுங்கினாள்.

19 ஜூன்

"இறுக்கு அண்ணி. கழுதைக்குக் கட்டற மாதிரி கட்டறே."

"உன் இடக்கைக்கு எதிர்ல உக்காந்தா முழங்கை முழங்கையா இடிக்குது."

"அப்ப அந்தப் பக்கம் போ."

"நீ போ."

இன்றைக்கு ஒரு சாண்.

24 ஜூன்

முடிந்த வரைக்கும் முடிந்தது. வழுக்கை இருக்கிறது, ஆனால் வெளியே தலைகாட்டலாம். மேல்விளிம்பின் நீளத்துக்குத் துணிப்பட்டை தைத்தோம், உள்ளே கழி நுழைக்க. ஆணி அடித்து மூலையில் தொங்கவிட்டால் சொந்தக் கனத்திலேயே கிழியும் என்று கல்தூமிடம் மூன்று தடவை சொல்லியாயிற்று. தலையை ஆட்டிக்கொண்டே கைபேசியைப் பார்க்கிறாள்.

தூடா போகும்போது, "அட்டை எழுதிட்டியா?" என்றாள்.

"ம்."

27 ஜூன்

கல்தூமிடம் இன்னோர் அட்டை கேட்டேன்.

"முதல்ல குடுத்தது என்னாச்சு?"

"அடுப்புக்குப் போயிடுச்சு."

"எப்படிப் போகும்?"

"நான் போட்டேன், போச்சு. குடுக்கறியா இல்லையா?"

30 ஜூன், வியாழன்

திறப்பு. மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து கம்பளத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். ரோமத்துக்கும் முடிச்சுக்கும் வித்தியாசம் தெரியாது. கைதட்டினார்கள். பிஸ்கட் நன்றாக இருந்தது.

எங்களுடையது ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில். வெயில் படும், நிறம் போகும், மாற்றிப் போடு என்று கல்தூமைத் திட்டினேன். நாளைக்கு மாற்றுகிறாளாம். முந்தின மாதம் எடுத்த படத்தையும் பக்கத்தில் ஒட்டியிருந்தாள் — நடுப்பட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு, நல்ல தலைத்துண்டோடு, இளித்துக்கொண்டு நான். கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கூட்டம் பிஸ்கட் பக்கம் போன பிறகு தூடா கம்பளத்தின் முன்னால் வந்து நின்றாள். கம்பளத்தைப் பார்க்கவில்லை, அட்டையைப் பார்த்தாள். மூக்கு உரசுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள்.

"ரெண்டு வரி இருக்கு" என்றாள்.

"இருக்கு."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு கீழ் வரியின் மேல் விரலை வைத்தாள். "இது நானா?"

அவள் விரலைப் பிடித்து மேல் வரிக்கு நகர்த்தி வைத்தேன்.